கண்டவரும் கொண்டவரும்: தொலைக்காட்சி நாடுதோறும் வேறுபட்டு வளர்ந்த வரலாறு

வரலாற்றுக் கட்டுரை என்றதும் முடியுடை மன்னரின் போர்களையும் கொடைகளையும் அன்பர்கள் எதிர்நோக்குதல் இயல்பு. இக்கட்டுரையோ நம் வீட்டுக் கூடத்தில் இடம்பிடித்துக்கொண்ட ஒரு கண்ணாடிப் பெட்டியைப் பற்றியது. அரசர்கள் செய்த மாற்றத்தினும் அப்பெட்டி நம் குடும்பங்களில் செய்த மாற்றம் சிறிதன்று. ஆதலின் அதன் பிறப்பையும் வளர்ப்பையும் அறிந்துகொள்ளுதல் நமக்குக் கடமையாகும்.

முதற்கண் சில ஆண்டுகளை வரிசைப்படுத்திக் காண்போம். லண்டன் மாநகரில் 1936ஆம் ஆண்டிலேயே வீட்டில் அமர்ந்து தொலைக்காட்சி கண்டோர் இருந்தனர். அமெரிக்காவில் வணிக ஒளிபரப்பு 1941இல் தொடங்கிற்று. ஜப்பானில் 1953, டெல்லியில் 1959, நாம் வாழும் இம்மும்பையில் 1972, சென்னையில் 1975, இலங்கையில் 1979. விதை ஒன்றே, விளைந்த காலமோ நாற்பதாண்டு வேறுபடுகின்றது. இதற்குக் காரணம் யாது? மேனாட்டார்க்கு அறிவு மிகுதி, நமக்குக் குறைவு என்று கூறி அமைதியடைவாரும் உளர். அக்கூற்று உண்மையன்று என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

விதையும் வயலும்

ஜெர்மனி நாட்டு மாணவர் பால் நிப்கோ என்பார், துளைகள் சுருளாக அமைந்த ஒரு வட்டத்தகட்டைச் சுழற்றி, ஒரு காட்சியைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து மின்சாரத்தின்வழி அனுப்பலாம் என்று 1884இல் கண்டு, காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எண்ணம் சிறந்தது, ஆனால் அதற்குத் துணையாக வேண்டிய பிற பொருள்கள் அன்று பிறக்கவில்லை. மெல்லிய மின்குறியைப் பெருக்கிக் காட்டும் வால்வு அந்நாளில் இல்லை. ஏற்றுக்கொள்வார் இன்மையால் அவருடைய உரிமை காலாவதியாயிற்று. ஒரு கண்டுபிடிப்பு தன் காலத்துக்கு முன்னே பிறந்துவிடின், அது தாயற்ற பிள்ளை போலாகும் என்பதற்கு நிப்கோ ஒரு சான்று.

அதே ஜெர்மனியில் 1935ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் பெர்லினிலிருந்து ஒளிபரப்பு தொடங்கிற்று. அந்நிலையத்துக்கு நிப்கோவின் பெயரே சூட்டப்பட்டது. எனினும் அஃது ஆட்சியாளரின் பிரசாரக் கருவியாகவே கருதப்பட்டது. பெட்டி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் அங்கு மிகச் சிலவே. பொதுமக்கள் கூடிக் காணும் காட்சிக் கூடங்களை அரசு அமைத்தது. 1936ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுகளை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கூடங்களிலேயே கண்டனர். மக்கள் வாங்கத்தக்க மலிவுப் பெட்டிகள் பதினாயிரம் செய்ய 1939இல் திட்டமிட்டனர். போர் மூண்டமையால் ஐம்பதளவிலேயே அவை செய்யப்பட்டன. அரசின் ஆணையால் தொடங்கியது அரசின் போராலேயே முடங்கிற்று.

இங்கிலாந்தின் கதை வேறு. ஸ்காட்லாந்தில் பிறந்த ஜான் லோகி பேர்டு, லண்டன் சோகோ பகுதியில் ஒரு மாடியறையில் அரும்பாடுபட்டு, 1926 ஜனவரி 26ஆம் நாள் அறிஞர் கூட்டத்தின் முன் மனித முகத்தைத் திரையில் காட்டினார். அவர் கையாண்டது சுழலும் பொறி முறை. ஆயின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் ஐசக் சோன்பர்க் என்பாரின் தலைமையில் ஒரு பொறியாளர் குழு, சுழலும் பொறி ஏதுமின்றி மின்னணுக்களாலேயே படம்பிடிக்கும் முறையை வளர்த்துக்கொண்டிருந்தது. 1936 நவம்பர் 2ஆம் நாள் அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. ஒளிபரப்பைத் தொடங்கியபோது, இரு முறைகளையும் மாறி மாறி நடத்திப் பார்த்தனர். பேர்டின் 240 வரிப் படம், மார்க்கோனி-ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் 405 வரிப் படத்துக்கு முன் நிற்க இயலவில்லை. மூன்றே திங்களில் பேர்டின் முறை கைவிடப்பட்டது. முன்னோடி தோற்றார், முறையான ஆராய்ச்சிக்கூடம் வென்றது.

இங்கிலாந்து முந்திக்கொண்டதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வானொலி வைத்திருப்போர் கட்டிய உரிமக் கட்டணம் என்னும் நிலையான வருவாய் பி.பி.சி.க்கு இருந்தது. பெட்டிகள் விற்பதற்கு முன்பே நிகழ்ச்சிகளைத் தொடங்க அவ்வருவாய் உதவிற்று. எனினும் முந்தியவர்க்கும் ஓர் இடர் உண்டு. 405 வரி முறையை நம்பி மக்கள் பெட்டி வாங்கிவிட்டமையால், பிற நாடுகள் அதனினும் தெளிவான முறைகளை மேற்கொண்ட பின்னரும், 1985ஆம் ஆண்டு தொடக்கம் வரை அப்பழைய முறையையும் இங்கிலாந்து சுமக்க நேர்ந்தது. முதலில் வீடு கட்டியவன் பழைய வாசற்படியிலேயே குனிந்து நுழைவது போன்றதே இஃது.

உழவர் மகனும் பெருநிறுவனமும்

அமெரிக்காவின் கதை நெஞ்சை உருக்குவதாகும். பைலோ பார்ன்சுவொர்த் என்னும் உழவர் வீட்டுச் சிறுவன், பள்ளியில் பயிலும்போதே, 1922இல், மின்னணுத் தொலைக்காட்சியின் அமைப்பைத் தன் ஆசிரியருக்கு வரைந்து காட்டினான். 1927 செப்டம்பர் 7ஆம் நாள், இருபத்தொரு வயதில், சான்பிரான்சிஸ்கோ நகரில் அதனைச் செய்தும் காட்டினார். ஆர்.சி.ஏ. என்னும் பெருநிறுவனமோ, ரஷ்யாவிலிருந்து குடியேறிய விளாடிமிர் சுவோரிகின் என்னும் விஞ்ஞானியை அமர்த்தி அதே துறையில் பெரும்பொருள் செலவிட்டு வந்தது. முன்னவர் யார் என்னும் வழக்கு எழுந்தது. பழைய மாணவன் வரைந்து தந்த படத்தை அந்த ஆசிரியர் பேணி வைத்திருந்து சாட்சியம் அளித்தார். வழக்கு பார்ன்சுவொர்த்தின் பக்கம் தீர்ந்தது. பிறரிடம் உரிமத் தொகை வாங்கியே பழகிய ஆர்.சி.ஏ., 1939இல் அவருக்குத் தொகை தர உடன்பட்டது.

வென்றவர் செழித்தாரோ எனின், இல்லை. காப்புரிமைக்கு அந்நாளில் அமெரிக்காவில் ஆயுள் பதினேழே ஆண்டு. 1930இல் பெற்ற அவருடைய மூல உரிமை 1947இல் முடிந்தது. அவ்வாண்டுகளில் பெரும்பகுதியைப் போர் விழுங்கிவிட்டது. போர் ஓய்ந்த பின்னரோ, 1950ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அமெரிக்காவில் எழுபது லட்சத்துக்கு மேற்பட்ட பெட்டிகள் செய்யப்பட்டன. மழை பெய்தது, ஆனால் உழுதவனின் குத்தகைக் காலம் முடிந்த பின் பெய்தது!

அமெரிக்காவில் தொலைக்காட்சி இத்துணை விரைவில் பரவியதற்குக் காரணம் விளம்பர வருவாயே. 1941 ஜூலை முதல் நாள் நியூயார்க்கில் வணிக ஒளிபரப்புக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, ஒரு கைக்கடிகாரக் கம்பெனியின் விளம்பரம் அன்றே திரையில் தோன்றிற்று. ஆனால் அதற்கு முன்னர், 525 வரி என்னும் பொது அளவுமுறையை எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொள்ளுமாறு அரசு செய்தது என்பதை மறத்தலாகாது. ஆளுக்கொரு முறையில் பெட்டி விற்றிருப்பின் வாங்கியோர் ஏமாந்திருப்பர். தனியார் சந்தை ஓடுவதற்கும் பொது அதிகாரம் பாதை போட்டுத் தர வேண்டியிருந்தது.

கிழக்கில் ஓர் எழுத்து

இனி ஜப்பானைக் காண்போம். ஹமமத்சு நகரில் கெஞ்சிரோ தக்கயனகி என்னும் இளம் ஆசிரியர், 1926 டிசம்பர் 25ஆம் நாள், தம் மொழியின் 'இ' என்னும் எழுத்தைக் குழாய்த் திரையில் தோன்றச் செய்தார். பேர்டின் வெற்றிக்கு அஃது ஓராண்டு கூடப் பிந்தியதன்று. 1940இல் டோக்கியோவில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கை ஒளிபரப்பும் நோக்குடன் ஆராய்ச்சி விரைந்து நடந்தது. போரால் அவ்விழாவும் நின்றது, ஆராய்ச்சியும் நின்றது.

போரில் நாடு சாம்பலான பின்னர் அவர்கள் செய்ததே நாம் கூர்ந்து நோக்கத்தக்கது. அந்நியக் காப்புரிமைகளை வெட்கப்படாமல் விலைகொடுத்து வாங்கினர். பெட்டிகளைத் தம் தொழிற்சாலைகளில் தாமே செய்தனர். 1953 பிப்ரவரி முதல் நாள் என்.எச்.கே. நிலையம் தொடங்கியபோது, பதிவு பெற்ற பெட்டிகள் 866 மட்டுமே. அதே ஆண்டில் விளம்பர வருவாயால் நடக்கும் தனியார் நிலையமும் எழுந்தது. பெட்டி வாங்க இயலாதவர்க்காக அந்நிலையத்தார் தெருமுனைகளிலும் ரயில் நிலைய வாயில்களிலும் பெட்டிகளை வைத்தனர். கண்டவர்க்கு ஆசை பிறந்தது, ஆசை சந்தையாயிற்று. 1959 ஏப்ரலில் பட்டத்து இளவரசரின் திருமணம் நடந்தபோது பெட்டிகள் இருபது லட்சம்! உரிமக் கட்டணத்தையும் விளம்பரத்தையும் இரு மாடுகளாகப் பூட்டி ஓட்டியது ஜப்பான்.

அதே 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டெல்லியில் நம் நாட்டின் தொலைக்காட்சி தொடங்கியபோது இருந்த பொதுப் பெட்டிகள் இருபதளவே. இவ்வேறுபாட்டின் வேரை அறிய நம் நாட்டு வரலாற்றில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

சென்னையும் பம்பாயும் கண்ட முதல் தோல்வி

கம்பியில்லாத் தந்தியில் இந்தியர் எவர்க்கும் பின்தங்கியவரல்லர். ஜகதீச சந்திர போஸ் 1895இலேயே கல்கத்தாவில் மின்காந்த அலைகளைச் சுவர் கடந்து செலுத்திக் காட்டினார். அறிவை விலைப்பொருளாக்க விரும்பாதவர் அவர். அன்பர்களின் வற்புறுத்தலால் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை ஒன்று அவர்க்குக் கிடைத்தது. அதனைத் தொழிலாக்கும் ஆலை ஒன்றும் இங்கு எழவில்லை.

நாட்டின் தொடக்ககால வானொலி முயற்சிகளுள் ஒன்று தமிழ் மண்ணில் நடந்தது என்பது நமக்குப் பெருமை. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று நடத்திய சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. ஆர்வலரின் நன்கொடையே அதன் முதல். மூன்றாண்டில் பணம் வற்றியது. 1927இல் கழகம் நின்றது. கருவியைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930இல் மீண்டும் நடத்திற்று.

இந்நகரின் அனுபவமும் அத்தகையதே. 1927 ஜூலை 23ஆம் நாள், வைஸ்ராய் இர்வின் பிரபு பம்பாயில் திறந்துவைத்த நிலையம், இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்துடையது. ஆண்டொன்றுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணத்தில் பெரும்பங்கு அதற்குக் கிடைக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் பெட்டி அனைத்தும் வெளிநாட்டுச் சரக்கு, விலை கடுமை. மின்சாரமோ நகரங்களின் சில தெருக்களில் மட்டுமே. உரிமம் பெற்றோர் தொகை எட்டாயிரத்தை எட்டுமுன்பே கம்பெனி நொடித்து, 1930 மார்ச்சில் கலைக்கப்பட்டது. ஏப்ரல் முதல் நாள் அரசு அதனை ஏற்றது. அன்று அரசின் கையில் சென்ற ஒலிபரப்பு, பின்னர் அறுபதாண்டுக் காலம் அரசின் கையிலேயே இருந்தது. தொலைக்காட்சி அரசுத் துறையாகப் பிறந்ததற்குக் கொள்கை மட்டும் காரணமன்று. பம்பாய்க் கம்பெனியின் வீழ்ச்சியும் ஒரு காரணமாகும்.

தேனாம்பேட்டை இளைஞர்

1950ஆம் ஆண்டு ஜனவரியில், நாடு குடியரசாகும் அத்திங்களில், சென்னைத் தேனாம்பேட்டைப் பொருட்காட்சியில் பி. சிவகுமாரன் என்னும் மின்பொறியியல் மாணவர் ஒரு தொலைக்காட்சிக் கருவியை அமைத்துக் காட்டியதாக 'இண்டியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழ் செய்தி வெளியிட்டது. தாளிலிருந்த எழுத்தை அக்கருவி வருடி எடுத்து, குழாய்த் திரையில் தோன்றச் செய்தது. ஹமமத்சுவில் 'இ' தோன்றியதற்கும் தேனாம்பேட்டையில் எழுத்துத் தோன்றியதற்கும் இடையே காலம் வேறுபடலாம்; கைத்திறனும் ஆர்வமும் ஒன்றே. ஆனால் ஜப்பானிய ஆசிரியரைச் சூழ்ந்து ஆராய்ச்சிக்கூடமும், ஒலிபரப்பு நிறுவனமும், குழாய் செய்யும் ஆலைகளும், வாங்கும் மக்களும் நின்றனர். சென்னை மாணவரைச் சூழ்ந்து நின்றவர் பொருட்காட்சி காண வந்தவரே. அந்நாளில் இந்தியாவில் தொலைக்காட்சி நிலையம் ஒன்றுமில்லை. படக்குழாய் செய்யும் ஆலையும் இல்லை. விளக்கு இருந்தது, எண்ணெய் ஊற்றுவார் இல்லை.

வானின் வழியே ஒரு பாதை

1959இல் டெல்லியில் தொடங்கியதும் வணிகமன்று, ஒரு சோதனையே. யுனெஸ்கோ நிதி உதவிற்று. பிலிப்ஸ் கம்பெனியின் கருவி குறைந்த விலையில் கிடைத்தது. வாரத்தில் இரு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம். மக்கள் கூடி அமர்ந்து காணும் மன்றங்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. அந்நியச் செலாவணி அருகிய காலம் அது. உணவுக்கும் உருக்காலைக்கும் பணம் தேடிய நாடு, கேளிக்கைப் பெட்டியை இறக்குமதி செய்ய அஞ்சியது. அவ்வச்சத்தைப் பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் நாள்தோறும் ஒளிபரப்பு நடைபெற 1965ஆம் ஆண்டு வரையும், இரண்டாவது நகரம் தொலைக்காட்சி காண 1972 வரையும் காத்திருக்க நேர்ந்தது.

இவ்விடத்தில் நம் செம்பூர் அன்பர்கள் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்று வருகின்றது. டிராம்பே அணுசக்தி நிலையத்தில் கருவிகளைத் தாமே செய்துகொள்ள வளர்ந்த மின்னணுவியல் பிரிவிலிருந்தே, 1967இல் ஐதராபாத்தில் இந்திய மின்னணுக் கழகம் எழுந்தது. ஹோமி பாபா தலைமையில் 1963இல் அமைந்த மின்னணுவியல் குழு காட்டிய தன்னிறைவுப் பாதையை அது பின்பற்றியது. மேனாடுகளில் வானொலிக் கம்பெனிகள் பெற்றெடுத்த தொலைக்காட்சியை, இங்கு அணு ஆராய்ச்சியும் விண்வெளி ஆராய்ச்சியும் வளர்ப்புத் தாயராக நின்று வளர்த்தன.

விக்ரம் சாராபாய் சிந்தித்ததும் நகரத்துச் செல்வரின் கூடங்களைப் பற்றியன்று. நகரம் நகரமாகக் கோபுரம் கட்டிப் பின் கிராமம் செல்வதைவிட, வானிலுள்ள துணைக்கோளின்வழி நேரே கிராமத்துக்குச் செல்லலாம் என்றார். அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் 1969இல் உடன்படிக்கை ஆயிற்று. 1971 இறுதியில் சாராபாய் மறைந்தபோதும் பணி நிற்கவில்லை. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள், இந்திய மின்னணுக் கழகம் செய்த பெட்டிகளிலும் கம்பிவலை வானலை வாங்கிகளிலும் உழவு, உடல்நலம், கல்வி நிகழ்ச்சிகளைக் கண்டன. தொலைபேசியே காணாத ஊர்கள் துணைக்கோளைக் கண்டன! துணைக்கோளின் கருத்தை 1945இலேயே எழுதிய ஆர்தர் கிளார்க், கொழும்பில் தம் இல்லத்திலும் அவ்வொளிபரப்பைப் பெற இந்தியப் பொறியாளர்கள் கருவி அமைத்துத் தந்தனர். ஆனால் அந்நான்கு மொழி நிகழ்ச்சிகளில் தமிழ் இல்லை. ஆறு மாநிலங்களில் தமிழகமும் இல்லை என்பதையும் குறித்தல் வேண்டும்.

பம்பாயில் தமிழன் கண்ட திரை

1972 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், வொர்லியிலிருந்து பம்பாய்த் தொலைக்காட்சி தொடங்கிற்று. மராத்தியும் இந்தியும் குஜராத்தியும் பேசிற்று. அது முறையே, நிலத்தின் மொழிக்கும் நாட்டின் மொழிகளுக்கும் முதலிடம் உரியது. மாதுங்காவிலும் தாராவியிலும் லட்சக்கணக்கில் தமிழர் வாழ்ந்தும், அவர்தம் மொழிக்குத் திரையில் இடம் அரிதாயிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15இல் தொடங்கினும், அதன் ஒளி இங்கு எட்டாது. விளம்பரம் 1976 ஜனவரியில் அனுமதிக்கப்பட்டது, 1982இல் ஆசிய விளையாட்டுகளோடு வண்ணம் வந்தது, பெட்டிகள் பெருகின. ஆயினும் பெட்டி வீட்டுக்கு வந்தும் தாய்மொழி வரவில்லை.

அத்தடையைத் தகர்த்தது சட்டமன்று, கம்பி. 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்துதோறும் கேபிள் கம்பி ஓடத் தொடங்கிற்று. 1993 ஏப்ரல் 14, சித்திரைத் திருநாளில், துணைக்கோள்வழித் தமிழ் அலைவரிசையாகச் சன் தொலைக்காட்சி தொடங்கியது. தாராவித் தமிழரும் மதுரைத் தமிழரும் ஒரே பொழுதில் ஒரே தமிழ்ச் செய்தியைக் கேட்கும் நிலை உண்டாயிற்று. சாராபாய் கிராமத்துக்காகக் கண்ட வான்வழி, குடிபெயர்ந்த தமிழனின் வீட்டுக்கும் வழியாயிற்று. மாநில எல்லை நிலத்துக்குத்தான், வானுக்கு இல்லை.

தொகுத்துக் காண்போம்

இதுவரை கண்டவற்றால் விளங்குவன யாவை? கண்டுபிடிப்பு தனியொருவர் மூளையில் பிறக்கலாம். அது பரவுவதற்கு நான்கு துணைகள் வேண்டும். முதலாவது, இடையறாது வரும் பணம். இங்கிலாந்துக்கு உரிமக் கட்டணம், அமெரிக்காவுக்கு விளம்பரம், ஜப்பானுக்கு இரண்டும், நமக்கு அரசின் கருவூலம். இரண்டாவது, உறுப்புகளை உள்நாட்டில் செய்யும் ஆலைகள். மூன்றாவது, எல்லோரும் ஒப்பும் அளவுமுறை. நான்காவது, வாங்கும் ஆற்றலுள்ள மக்களும் மின்சாரமும். இவற்றின்மேல் அமைதி என்னும் ஐந்தாவதும் வேண்டும்; போர் பார்ன்சுவொர்த்தின் பயனையும் தக்கயனகியின் பன்னீராண்டையும் விழுங்கியதைக் கண்டோமன்றோ?

பிந்தியோர்க்கும் ஒரு பேறு உண்டு. இங்கிலாந்து பழைய முறையைச் சுமந்தது போல் நாம் சுமக்கவில்லை. தேர்ந்த 625 வரி முறையையே மேற்கொண்டோம். வணிகம் பிந்தியமையாலேயே, கிராமத்துக்குப் பாடம் சொல்லும் பெருஞ்சோதனைக்கு இங்கு இடம் கிடைத்தது. அப்பேறு ஓராண்டோடு பெரும்பாலும் நின்றது. பின்னர் விளம்பரமே ஓங்கிற்று. லாபம் நோக்காத திரையால் விரைந்து பரவ இயலவில்லை. விரைந்து பரவிய திரை லாபத்தையே நோக்கிற்று. இவ்விரண்டையும் ஒருங்கே அடைந்த நாடு அரிது.

சங்கத்துப் பெற்றோர்களே! நம் பிள்ளைகளுள் பொறியியல் பயில்வோர் பலர். மதிப்பெண்ணோடு நம் அக்கறை நின்றுவிடலாகாது. பிள்ளை எதையேனும் செய்து காட்டுங்கால், வியந்து கைதட்டிக் கலைந்துவிடும் பொருட்காட்சிக் கூட்டமாக நாம் இருத்தல் தகாது. பார்ன்சுவொர்த்தின் ஆசிரியர் பெரும்பொருள் கொடுத்தவரல்லர். ஒரு தாளைப் பேணி வைத்து, வேண்டிய நாளில் சாட்சி சொன்னவர். ஒரு கருவிக்கு முதல் தருவதும், ஒரு காப்புரிமை விண்ணப்பத்துக்கு வழிகாட்டுவதும், தொழில் தெரிந்த மூத்தோரை இளைஞர்க்கு அறிமுகப்படுத்துவதும் ஒரு தமிழ்ச் சங்கத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டன அல்ல. கோயிலும் பள்ளியும் கண்ட நம் சமுதாயத்துக்கு ஒரு சிறு பட்டறை காண்பது அரிதாமோ? அறிவுடையார் நம்மிடை என்றும் உண்டு. அவர்க்குத் துணை நிற்பார் உண்டாகுக!

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!